நான் பெங்களூரில் இருந்த மாதங்கள்

ஆடியில் கூப்பிடாமல் ஆவணியில் கூப்பிட்டார்களே என்று அம்மாவுக்கு அந்தக் கம்பெனி மேல் தனி மரியாதை. நல்ல மாதம் பார்த்து வேலைக்கு வரச் சொல்கிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்பது அவள் முடிவு. கல்லூரிக்கே வந்து நேர்முகம் நடத்தி என்னைத் தேர்ந்தெடுத்த பெங்களூர் மென்பொருள் கம்பெனி அது. குரும்பகரத்தில் எங்கள் தெருவிலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போகிற முதல் பெண் நான். டீக்கடைக்கு எதிரே என் படம் போட்டு ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் என் முகத்தைவிட வாழ்த்துகிறவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன.

கிளம்பிய காலையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. ஆளாளுக்குத் திருநீறு பூசினார்கள். பையில் இடமில்லை என்று சொல்லச் சொல்ல முறுக்கு டப்பாவைத் திணித்தார்கள். சகுனத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தை நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். தற்செயலாக வந்தவள்போலத்தான் வந்தாள். ஆனால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு முனையில் அவள் வெகு நேரமாகக் காத்து நின்றதை நான் பார்த்திருந்தேன். அத்தை என்றால் ரத்த சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அதனால் அத்தை.

அப்பாவும் நானும் மயிலாடுதுறைக்குப் போய், மாலை ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் தோசையைப் பாதி தின்றிருந்தேன். கைப்பேசியில் கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. தவிர்க்க முடியாத வணிகக் காரணங்களால் நான் வேலையில் சேருவது ஒத்திவைக்கப்படுகிறதாம். புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படுமாம். அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"பின்னர்னா எப்ப?"

"அதெல்லாம் போடலப்பா."

"ஒரு வாரம் ஆகுமா?"

"ஆகலாம்ப்பா" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நிறைகுடம் பார்த்துக் கிளம்பியவர் அன்றைக்கே திரும்பி வந்து வாசல்படி ஏறினால் போன காரியம் விளங்காது என்று எங்கள் பக்கம் நினைப்பார்கள். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒத்திவைத்தார்கள் என்று சொன்னால் எவன் நம்புவான்? பெண்ணை எடுக்கவில்லை, அப்பன் மூடி மறைக்கிறான் என்பார்கள். "ஒரு வாரந்தானே, வீட்டுக்குள்ளயே இருந்துக்க. தேதி வந்ததும் விடியக்காலையில கொண்டுபோய் ரயிலேத்தி விட்டுடுறேன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ப்ளெக்ஸுக்குக் கீழே நடந்து போகிற தைரியம் எனக்கும் இல்லை.

ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து, தெரு முழுக்க மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த நேரத்தில் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தோம். சொந்த வீட்டுக்குள் திருடன்மாதிரி. அம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ரயிலு போயிடுச்சா?"

விதைநெல் மூட்டை அடுக்கிய பின்னறை எனக்கு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்த மின்விசிறி கிறீச்சிடும். அதனால் கூடத்தில் டிவி ஓடும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். இருமல் வந்தால் தலையணை. கொல்லையில் இருக்கும் குளியலறைக்கு விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, தெரு தூங்கும் மதியத்தில் ஒரு தடவை. தட்டு கழுவும்போது அம்மா மூன்றாவது தட்டைப் பாத்திரத்துக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோவாள். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. தேதி வரவில்லை.

கம்பெனி சும்மா இருந்தாலாவது தேவலை. இந்த இணையவழிப் பாடத்தைப் படி, அந்தத் தேர்வை எழுது என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. மாங்கு மாங்கென்று படித்து எழுதுவேன். பாராட்டு வரும், நட்சத்திரம் வரும். வா என்றும் சொல்லமாட்டார்கள், வராதே என்றும் சொல்லமாட்டார்கள். வராதே என்று சொல்லியிருந்தால் அழுது முடித்துவிட்டு வேறு வேலை தேடியிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தெருவில் ஆளுக்கொரு பெங்களூர் கேள்வி. அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் ஆபீசுக்கு மாடி மேல் மாடி கட்டினாள். தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்றதற்கு, நான் இல்லாவிட்டால் ஆபீசே நடக்காது என்றாளாம். அந்தத் தீபாவளிக்குப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஆசைதீர இருமிக்கொண்டேன்.

ஒரு நாள் அத்தை எங்கள் கூடத்துக்கே வந்து, பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா வேறு வழியில்லாமல் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். பின்னறையில் என் கையில் கைப்பேசி அதிர்ந்தது. போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு எடுத்தேன்.

"ஏண்டி, அங்க குளுருதா?"

"ஆமாம் அத்தை. காலையில பல்லு தந்தியடிக்குது."

"வேல ரொம்பக் கஷ்டமா?"

"பழகிடும் அத்தை."

"நேரத்துக்குச் சாப்புடு. ஒடம்பப் பாத்துக்க, என்னா?"

மின்விசிறி இல்லாத அறையில் போர்வைக்குள் வியர்வை கழுத்தில் வழிந்தது. அத்தையின் குரலில் இருந்த வாஞ்சையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லாமல் அழுவதற்கும் பழகியிருந்தேன்.

வேறு வேலைக்கு முயலவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கம்பெனி இணையம் வழியாக நேர்முகம் வைத்தது. தெரிந்த கேள்விகள்தான் கேட்டார்கள். ஆனால் ஒரே சுவர். கிசுகிசுவென்றுதான் பேச முடிந்தது. "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மேடம்" என்றார் அந்தப் பக்கத்து ஆள். இன்னும் கொஞ்சம் முயன்றேன். கடைசியில், தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்லி முடித்துக்கொண்டார். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேண்டும் என்று தெரிந்தபோது அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பெங்களூரில் இருக்கிறவள் எப்படிக் காரைக்காலில் பாடம் நடத்துவாள்?

மாசி மாதத்தில் அரசு எழுத்தர் தேர்வு வந்தது. வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே வரும் தேர்வுகள் வேறு, புதுச்சேரிக்காரர்களான எங்களுக்கு வருவது வேறு. எங்களுடையது அத்தி பூத்தாற்போல வரும். அறிவிப்பு வந்த அன்றே அறைக்குள்ளிருந்தே விண்ணப்பித்தேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டேனோ இல்லையோ, வெறியாகப் படித்தேன். சத்தம் போடாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். பழைய கேள்விகளைப் போட்டுப் பார்த்தபோது கை தன்னாலே ஓடியது.

தேர்வு மையம் காரைக்கால் டவுனில். தெருவில் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதப் போகிறார்கள், அத்தை மகள் உட்பட. "மாஸ்க் போட்டுட்டுப் போறேன்ப்பா" என்று கெஞ்சினேன்.

"மாஸ்க் போட்டா நட மாறிடுமா? ஒன்ன எவனுக்குத் தெரியாது?" என்றார் அப்பா. அந்த வாரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து, பணியேற்புத் தேதிகள் விரைவில் என்று ஒரு மின்னஞ்சல் வந்து தொலைத்திருந்தது. "இத்தன மாசம் காப்பாத்துனத, வேல வரப்போற நேரத்துல ஒரு எழுத்தர் வேலைக்காக ஒடச்சிக்கணுமா? நீயே சொல்லு."

நானே சொன்னேன். வேண்டாம் என்று சொன்னேன். தேர்வு நாளன்று ஹால் டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தெருவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டு வேனில் ஏறிக் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அமைதியாகிவிட்டது.

பங்குனியில் கம்பெனியின் கடைசி மின்னஞ்சல் வந்தது. தற்போதைய சூழலில் வேலை வாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம், தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப வரச் சொல்றாங்க?" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை அவருக்குப் புரிந்தது.

இனி ஊருக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் ஒரு பயணம் தேவைப்பட்டது. விடியும் முன் அப்பா வண்டியில் மயிலாடுதுறையில் கொண்டுபோய் விட்டார். அதே பையோடு பஸ் ஏறி, எங்கள் ஊர் நிறுத்தத்தில் எல்லோரும் பார்க்க இறங்கினேன். பெங்களூர்த் தண்ணீர் நன்றாக வெளுக்க வைத்திருக்கிறது என்றார்கள். வெயில் படாத தோல் வெளுக்காமல் என்ன செய்யும்? வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றேன். யாரும் துருவிக் கேட்கவில்லை. எங்கள் தெரு இவ்வளவு நாகரிகமானதா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன்.

அடுத்த மாதம் தேர்வு முடிவு வந்தது. அத்தை மகள் தேர்வாகியிருந்தாள். அத்தை லட்டுத் தட்டோடு வந்து என் வாயில் ஒன்றை ஊட்டினாள். பிறகு அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ ஏண்டி அன்னிக்குப் பரீட்சைக்கு வரல? வேன்ல ஒனக்கும் சேத்துத்தான் எடம் வச்சிருந்தோம்."

"நான் பெங்களூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரே சுவருடி" என்றாள் அத்தை. "வந்த மறுநாளே தெரியும். தெருவுக்கே தெரியும். எம்பொண்ணுதான், ‘அது நல்லாப் படிச்ச புள்ளம்மா, இதுக்காச்சும் வெளிய வரும்’னு வேன்காரர்கிட்ட ஒன்னையும் சேத்துச் சொன்னிச்சு. மொகத்த மூடிக்கிட்டு வந்தாலும் யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு புள்ளைங்க எல்லாம் பேசி வச்சிருந்துச்சுங்க."

"தெரிஞ்சா ஏன் அத்தை சொல்லல?"

"அண்ணன் மொகத்தப் பாத்து எப்படிடி சொல்றது? இல்லன்னு அவரு சொல்லும்போது, நீ இங்கதான் இருக்கன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

அவள் போன பிறகு கூடத்துக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "அவங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நாமளும் சொல்லியிருக்கலாம்ப்பா."

அதற்கப்புறம் நான் போன ஒவ்வொரு நேர்முகத்திலும், படித்து முடித்த அந்த வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் எழுந்து வருகிறேன். அன்றைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தால் தேர்வாகியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என்னை ஒன்றும் கேட்காத பிள்ளைகளோடு அந்த வேனில் உட்கார்ந்து போயிருப்பேன். எழுத்தர் தேர்வு மறுபடி எப்போது வரும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.