குழியில் ஊறிய தண்ணீர்

ஹௌராவில் மதராஸ் வண்டி கிளம்புகிற சமயம் மாமனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மாப்பிள்ளை, பிள்ளையப் பெத்து உடம்பு தேறினதும் நானே கொண்டாந்து விடுதேன். ஆனா அந்தச் சந்து வீட்டுக்கு இல்ல. காத்தும் வெளிச்சமுமா, வாசல் முத்தமும் தண்ணியுமா ஒரு இடம் பாத்துட்டு எழுதுங்க. அது வரைக்கும் எம் மக எங்கிட்டதான் இருப்பா.”

அவர் பக்கத்தில், ஏழு மாதக் கர்ப்பத்தோடு உட்கார்ந்திருந்த என் மனைவி வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, இருமல்தான் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

மாமனார் சொன்னதில் குற்றம் காண முடியாது. பவானிப்பூரில் நாங்கள் இருந்தது மாடியில் இரண்டு அறை. கீழே நாலு குடித்தனம், நாலு கரியடுப்பு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நாலும் ஒன்றாகப் புகையும். அந்தப் புகைக்கு வெளியே போக வேறு வழி கிடையாது. எங்கள் மாடிப்படியில் ஏறித்தான் போகும். நான் ஆபீசிலிருந்து வரும்போது புகை எனக்கு முன்னால் வீடு சேர்ந்திருக்கும். அவள் இரண்டு வருஷம் அதைத் தின்றாள். கீழ்வீட்டு பெங்காளிப் பெண்களை ‘பௌதி’ என்று, அதாவது அண்ணி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டு, அவர்களோடு பெங்காளியிலேயே சண்டை போட்டு, பெங்காளியிலேயே சமாதானமும் ஆனாள். இருமல் மட்டும் சமாதானம் ஆகவில்லை.

ஸ்டேஷனிலிருந்து டிராமில் திரும்பும்போதே நான் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டேன். முன்னால் துளசி மாடம், பின்னால் மாடு. டிராம் பவானிப்பூருக்கு வருவதற்குள் மாடு கன்று போட்டுவிட்டது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. எஃப்.ஏ. தேறி, வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கப்பல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். யோசிப்பதற்கு என்று ஒரு நாளை ஒதுக்குகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு அப்போது ஆச்சரியமாக இருக்கும்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மணி அடித்ததும் என் பக்கத்து மேஜைக்காரனையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவனும் எங்கள் சீமைதான், கோவில்பட்டிப் பக்கம். கல்யாணம் ஆகாதவன். நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். பாலிகஞ்சில் ரயில் ஏறி டாக்குரியாவில் இறங்கி நடப்போம். ஒரு வாரம் கரியாஹாட் சந்தைக்குப் பின்னால் ஒரு மாந்தோப்பு. அடுத்த வாரம் ஜாதவ்பூர் பக்கம் பாக்குத் தோட்டம். அங்கே பட்டப்பகலில் நரி எங்களை நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. பார்த்த இடமெல்லாம் எனக்குப் பிடித்தது. அதுதான் சங்கடம்.

“போன வாரம் பாத்த இடத்துல கத்திரி போட்டீரு. இந்த வாரம் இங்கன தென்னம்பிள்ள வைக்கீரு. முந்தின கத்திரிக்கு யாருவே தண்ணி ஊத்துறது?” என்றான் நண்பன்.

“நீரு ஒரு இடத்தையாவது நல்லாயிருக்குன்னு சொல்லும், நான் நிறுத்துதேன்.”

“எனக்கு நல்லாயிருக்கிற இடம் ஸ்டேஷன்தான். பெஞ்சு போட்டிருக்கான்.”

தையில் தந்தி வந்தது, பெண் குழந்தை என்று. அதற்குப் பிறகு எனக்கு இருப்பு கொள்ளவில்லை. முகம் தெரியாத ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள் என்பது போல இருந்தது. மாசி முதல் சனிக்கிழமை டாக்குரியாவைத் தாண்டி ரயில் பாதை ஓரமாகவே நடந்து போனோம். தண்டவாளக் கரைக்குக் கீழே ஓர் இடம் விரிந்து கிடந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! ஈசானிய மூலையில் அல்லி பூத்த குளம். கரிசல் காட்டில் பிறந்தவன் கண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

எங்கள் ஊரில் மனை பார்க்கிறவர்கள் நடுவில் முழங்கை ஆழம் ஒரு குழி தோண்டுவார்கள். அதில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். தண்ணீர் நின்றால் நல்ல மனை. சட்டென்று இறங்கிவிட்டால் ஆகாது. பிறகு தோண்டிய மண்ணையே போட்டுக் குழியை மூடுவார்கள். மண் மிஞ்சினால் குடும்பம் பெருகும் என்பார்கள். நான் கடன் வாங்கிய மண்வெட்டியால் தோண்டினேன். ஊற்றுவதற்காக நண்பன் குளத்தில் செம்பை முக்கிக்கொண்டு வந்தான். அவன் வருவதற்குள் குழியில் தண்ணீர் இருந்தது. தானாக ஊறிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தோம். எங்கள் ஊர்க் கிணற்றில் வாளி போய்ச் சேருவதற்குள் ஒரு பாட்டுப் பாடி முடித்துவிடலாம். இங்கே முழங்கை ஆழத்தில் தண்ணீர்!

“வே, இது மனை இல்ல, புதையலு” என்றான் நண்பன். மூன்று மாதத்தில் அவன் நல்லதாகச் சொன்ன முதல் வார்த்தை.

அங்கங்கே இருந்த குடிசைகளில் வாசலுக்கு வாசல் ஒரு பனைமரம் குடைந்து போட்டிருந்தது. இரண்டாள் நீளம், உள்ளே வைக்கோலும் சருகும். மாட்டுத் தொட்டி என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ‘தண்ணீர் மட்டுமல்ல, ஒவ்வொரு வீட்டிலும் பனந்தொட்டி வைத்து மாடு வளர்க்கிற ஊர்’ என்று அன்று சாயங்காலமே மாமனாருக்கு நாலு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். நிலம் யாருடையது என்று விசாரித்தது அதற்கு மறுநாள்தான்.

நிலத்துக்காரர் கோர்ட்டுக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடு பொறுமையாகக் கேட்டார். நான் தண்ணீரைப் பற்றிப் பேசினேன், மண்ணைப் பற்றிப் பேசினேன், என் மகளைப் பற்றிக்கூடப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மொஷாய், ஸ்ராபண மாசத்துல ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டுப் பத்திரம் எழுதிக்கலாம்” என்றார்.

ஸ்ராபணம் என்றால் நமக்கு ஆடி. ஐந்து மாதம்! வேறு ஆளுக்குப் பேசி வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் போனேன். அதே சிரிப்பு, அதே ஸ்ராபணம். இதற்குள் மாமனாரிடமிருந்து பதில் வந்தது: ‘முழங்கை ஆழத்தில் தண்ணீர் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். வீடு எழும்பியதும் எழுதுங்கள்.’ அதன் அடியில் மனைவியின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: ‘குழந்தை குப்புற விழுகிறாள்.’ அந்த வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனியில் மழை பிடித்தது. ஆடி இரண்டாவது சனிக்கிழமை, குடையோடு டாக்குரியாவில் இறங்கிப் பாதையோரம் நடந்தோம். வழி தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கரைக்குக் கீழே நிலம் இல்லை. குளமும் இல்லை, குளத்தின் கரையும் இல்லை. எல்லாம் ஒரே தண்ணீர். நான் தோண்டிய குழி எந்த இடத்தில் என்று கை நீட்டிக்கூடக் காட்ட முடியாது. குடிசைகள் மட்டும் தங்கள் மண் திட்டுகளில் ஏறி நின்றன. தூரத்திலிருந்து ஒரு மாட்டுத் தொட்டி எங்களைப் பார்த்து வந்தது. அதில் ஒருவர் நின்றுகொண்டு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். நடுவில் ஒரு கிழவி காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள், நனையாமல்.

“உம்ம தொட்டில மாட்டக் காணமே வே,” என்றான் நண்பன்.

நிலத்துக்காரர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சந்தோஷமாக எழுந்து வந்தார். “பாத்தீங்களா? எவ்வளவு தண்ணி! ஒரு வருஷத்துல ரோஹு மீன் கை நீளத்துக்கு வரும்.”

“மீனா?”

“பின்னே? நீங்க மீன் வளக்கத்தானே கேக்கிறீங்க?”

“வீடு கட்ட.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். உள்ளே இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். ஐந்து மாதமாக அந்த மனிதரிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். வீடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நில விஷயம் பேசுகிறவன் வீட்டைத்தவிர வேறு எதைப் பேசுவான் என்று நினைத்துவிட்டேன். வழிவழியாகச் சைவம் சாப்பிடுகிற வீட்டில் பிறந்தவன், மீன் பண்ணைக்கு அலையாய் அலைந்திருக்கிறேன்!

சிரித்து முடித்ததும் அவரே குடையை எடுத்துக்கொண்டு வந்து, பாதைக்கு மறுபக்கம் ஒரு மேட்டைக் காட்டினார். இரண்டு பனை, ஒரு மூங்கில் புதர், மற்றபடி மொட்டை. மாசியில் இதன் மேல் நின்றுதான் பள்ளத்தின் பச்சையைப் பார்த்து வாய் பிளந்தோம். இப்போது அந்த ஊரின் மாடுகள் எல்லாம் அதன் மேல் நின்றன. நான் பிடிவாதமாக அங்கேயும் ஒரு குழி தோண்டினேன். பெய்கிற மழையிலேயே குழி தண்ணீரைக் குடித்துவிட்டது. எங்கள் ஊர்க் கணக்குப்படி ஆகாத மனை. நான் ஈரக் கையோடு அன்றே சரி என்றேன்.

புரட்டாசியில் பத்திரம் முடிந்து, கார்த்திகையில் சுவர் எழும்பி, தையில் கூரை வேய்ந்தாயிற்று. மாமனாருக்கு ‘வீடு தயார்’ என்று எழுதினேன். இடம் மாறியதை எழுதவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன். ‘மாட்டுத் தொட்டி’ என்று எழுதின அதே பேனாவால் எப்படி எழுதுவது? நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். வாழ்க்கையில் நான் தள்ளிப்போட்ட ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாசியில் வந்தார்கள். டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. என் மகள் என்னைக் கண்டதும் தாத்தா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். மனைவி இருமவில்லை, பதினாறு மாதத்தில் கன்னம் தேறியிருந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டு முன்னால் வண்டி நின்றது. வண்டிக்காரர் டிரங்குப் பெட்டியில் கை வைத்தார். “இருக்கட்டும். பாத்துட்டு இறக்கலாம்” என்றார் மாமனார்.

அவர் தலைப்பாகையைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, முற்றத்தின் நடுவில் நின்று மண்வெட்டி கேட்டார். எனக்குத் தெரியும், கேட்பார் என்று. முழங்கை ஆழம் தோண்டினார். வறண்ட மண். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். குழி அதை ஒரே மூச்சில் உள்ளே இழுத்துக்கொண்டது.

“மாப்பிள்ளை, முழங்கை ஆழத்துல தண்ணின்னு எழுதினீக.”

“அது... வேற இடம் மாமா.”

“எந்த இடம்?”

நான் பாதைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். மாசி மாதப் பச்சை. ஈசானிய மூலையில் அல்லிக் குளம். பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

மாமனார் அதைப் பார்த்தார். “அத விட்டுட்டா இந்தப் பொட்டல்ல வந்து குடி ஏறுதீக? இதுக்கு எங்கூர்ல என்ன கொறச்சல்? ஏட்டி, வா, வண்டி ஏறு!”

திரும்பினால் அவளைக் காணோம். குழந்தையையும் காணோம். விளக்கம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன்: மழை, ஸ்ராபணம், மீன், நிலத்துக்காரர்... எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொன்னேன் போலிருக்கிறது. “மீனா?” என்று மாமனார் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அப்போது அவள் பாதையைத் தாண்டி, பள்ளத்துப் பக்கமிருந்து ஏறி வந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தையின் கையில் யாரோ கொடுத்த பொரி.

“எங்கட்டி போன?”

“அந்தா, அந்த வீட்டு பௌதியப் பாத்துட்டு வாரேன். அப்பா, அவுக வாசல்ல பனைமரம் கொடஞ்சு கெடக்கே, அது என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

“மாட்டுத் தொட்டி. மாப்பிள்ளைதான் எழுதியிருந்தாகளே.”

“தொட்டி இல்லப்பா, படகு! ஆடி மாசம் அவுக அதுல ஏறித்தான் சந்தைக்குப் போவாகளாம். தண்ணி எது வரைக்கும் வரும்னு சுவத்துல கோடு காட்டினா. நம்ம பிள்ள நின்னா தலை முங்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “போன வருஷம் தமிழ்க்காரங்க ரெண்டு பேரு வந்து, அந்தச் சகதியில ஒரு குழி தோண்டி, சுத்தி உக்காந்து கும்பிட்டாங்கன்னு சொன்னா. அது யாருங்க?”

“கும்பிடல்லாம் இல்ல,” என்றேன்.

மாமனார் பள்ளத்தைப் பார்த்தார், குடிசைகள் ஏறி நிற்கிற மண் திட்டுகளைப் பார்த்தார், பனைமரத்தைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துத் தோண்டின மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார். குழி நிறைந்து, மேலே ஒரு கூடை மண் மிஞ்சி நின்றது. அதைக் காலால் மிதித்து அமுக்கினார். அப்போதும் மேடாகத்தான் இருந்தது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அடுக்களைப் புகை எந்தப் பக்கம் போகும்?” என்று கேட்டார், என்னிடம் இல்லை, அவளிடம்.

அவள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, பெட்டியை இறக்கச் சொல்லிப் பெங்காளியில் குரல் கொடுத்தாள்.

பெட்டி தரையைத் தொடுவதற்குள் நான் மாட்டுக் கொட்டகைக்கு இடம் அளக்க ஆரம்பித்துவிட்டேன்.