மச்சாளின் புதுவீட்டுக்கு நான் அனுப்பிய பேய்

அன்று பேய் உலா தொடங்குமுன் மச்சாள் அந்த வழிகாட்டியின் காதில் என்ன சொன்னார்? என் மகளின் பொட்டைப் பற்றியா, கழிப்பறை எங்கே என்றா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் என் கணவரின் அக்கா. "பிள்ளை பிறந்ததிலையிருந்து வீட்டுக்குள்ளையே கிடக்கிறீர், வெளிக்கிடும்" என்று அவர்தான் டிக்கெட் எடுத்தார். பழைய லண்டன் சந்துகளைச் சுற்றிக்காட்டிப் பேய்க்கதை சொல்லும் நடை அது. எட்டு மாத மகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனேன். நாவூறு படாமலிருக்க அவள் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தேன். ரயிலிலேயே மச்சாள் சிரித்தார். "பட்டம் படிச்ச பிள்ளை நீர்!"

கறுப்பு அங்கி போட்ட வழிகாட்டி ஒடுங்கிய சந்தொன்றில் நின்றான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அங்கே அலைகிறாள், தனக்குப் பிடித்த பிள்ளையின் கன்னத்தைக் கரிவிரலால் தொட்டுவிட்டுப் போவாள் என்றான். சட்டென்று லாந்தரை என் மகளின் முகத்துக்கு நேரே தூக்கி, "இதோ!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், படமெடுத்தார்கள். மகள் வீரிட்டாள்.

"உம்மடை பொட்டுக்குப் பேய் பயப்பிடேல்லைப் போல" என்றார் மச்சாள், கண்ணீர் வரச் சிரித்தபடி.

முடிவில் அவன் தனியாக வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மச்சாள் கேட்கவில்லை. அதன்பின் விளக்கை நூர்த்து இருட்டாக்கினாலே மகள் அலறினாள். மச்சாளுக்குப் போனில் சொன்னேன். "பிள்ளையளெண்டால் அழுங்கள்தானே" என்றார். பிறகு, "அண்டைக்கு அவன் உம்மோடை தனிய என்ன கதைச்சவன்?"

மச்சாள் அப்போது குட்மேய்ஸில் வீடு வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரலுக்கு நாளும் பார்த்திருந்தார்.

"சொல்ல வேண்டாமெண்டு இருந்தனான், மச்சாள். பேச்சோடை உங்கடை புதுவீட்டு ரோட்டைச் சொன்னன். அவன்ரை முகம் மாறிட்டுது. அங்கை ஒரு மனுசி குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலை, வந்து நிக்கிறவவாம். புது ஆக்கள் குடிவந்தால் மட்டும்."

"விசர்க்கதை" என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

குடிபூரல் தள்ளிப்போனது. முதலில் பிளம்பரைச் சாட்டினார். பிறகு ஐயர் இன்னொரு சாந்தி செய்யச் சொன்னாராம். பிறகு, ஈஸ்ட் ஹாமில் நீற்றுப்பூசணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார். பெரிதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். அன்று எனக்குச் சோறு இரண்டு மடங்கு இறங்கியது.

நேற்று மறுபடி அழைத்தார். "வாற வெள்ளி குடிபூரல். அண்டைக்கு நீர் பிள்ளையோடை வந்து எங்களோடை இரவு படும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டிலை ஒண்டும் அண்டாதாம்." நான் வாய் திறக்குமுன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் பக்கத்திலிருந்து, "ஓம் அக்கா, வருவா" என்றுவிட்டார்.

அந்த மனுசியின் கதையை நான்தான் கட்டிவிட்டேன். ஆனாலும் அந்தக் குசினியை நினைத்து, இப்போது எங்கள் குசினிக்கே விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன். உண்மையைச் சொன்னால் மச்சாள் நிம்மதியாகப் பால் காய்ச்சுவார், ஆயுளுக்கும் என்னை மன்னிக்கமாட்டார். சொல்லாவிட்டால் மகளை அங்கே கிடத்தவேண்டும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். இன்னும் கேட்கவில்லையே.

மச்சாள்மார் உள்ளவர்களே, வெள்ளிக்கு முன் சொல்லிவிடவா, இல்லை இன்னும் கொஞ்சம் நடுங்கட்டும் என்று விடவா? நீங்களென்றால் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்.