கீழறையின் தப்பு விடைகள்

இது நடந்தது. நானே கட்டிவிடுவதாக இருந்தால் இதைவிடத் தரமான பேயாகப் பார்த்துக் கட்டியிருப்பேன். புவியியலில் அடிப்படையே தெரியாத பேயை எவனாவது கற்பனை செய்வானா?

அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை எதுவும் கிடையாது. ஆகஸ்ட் மாதம். மாலை ஆறு நாற்பது. டீ குடிக்கிற நேரம்.

அலகாபாத்தில் கங்கையை ஒட்டி சோட்டா பகாடா என்று ஒரு பேட்டை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிறவர்களை அங்கே அறைக்கு இரண்டு பேராக அடைத்து வைத்திருப்பார்கள். எங்கள் லாட்ஜில் அத்தனை பேருக்கும் விருப்பப் பாடம் புவியியல். வெள்ளச் சமவெளி என்றால் என்ன, அங்கே ஏன் குடியிருக்கக் கூடாது என்று எவனைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் முன்னுரை, வரைபடம், முடிவுரையோடு எழுதித் தருவான். எழுதிவிட்டு, வாடகை குறைவு என்பதால், அதே வெள்ளச் சமவெளியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வான். கங்கை எங்கள் விடைத்தாளைத் திருத்துவதில்லை. நேராக வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்த வருடமும் வந்தது. எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. மேலே எங்கோ பெய்து, இங்கே தெருவில் படகு ஓடியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அறிவாளிகள் அனைவரும் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். கீழ்த்தளத்து அறையில் இருந்த ராம்சூரத் அண்ணனும் காலைப் படகில் பல்லியாவுக்குப் போனார். அவர் சத்தம் போட்டுப் படிக்கிற ஜாதி. வரிக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சுவார். அவர் போனதில் எனக்கு வெள்ளத்தின் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

மாடியில் மிஞ்சியது நானும் என் அறைத்தோழன் திரிலோகியும். மெயின்ஸ் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. திரிலோகிக்கு இது ஆறாவது முறை. ஏழாவது முறை தோற்க அரசாங்கம் பொதுப்பிரிவில் யாரையும் அனுமதிப்பதில்லை. இதில் போனால் அவன் காசிப்பூருக்குத் திரும்பிப்போய் மாமாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். அதனால் அவன் வெள்ளத்துக்கு நகரவில்லை. நானும் நகரவில்லை. தண்ணீர் வடிய மூன்று நாளாவது ஆகும். அவன் படிக்கிற அந்த மூன்று நாளை நான் விட்டுக்கொடுப்பேனா?

திரிலோகிக்கு ஒரு வியாதி உண்டு. தப்பாக ஒன்றைக் கேட்டால் திருத்தாமல் அவனால் மூச்சுவிட முடியாது. சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் மந்திரம் சொன்ன பண்டிதரை நிறுத்தி, ஜம்பூத்வீபம் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று கேட்டவன். நீச்சல் தெரியாது. நீரோட்டங்கள் எல்லாம் தெரியும்.

அன்று மாலை, உருளைக்கிழங்கு போட்ட மஞ்சள் சோற்றைத் தின்றுவிட்டு, வெளிச்சம் இருக்கிறவரை படிக்கலாம் என்று மாடிப்படி உச்சியில் உட்கார்ந்தோம். படிகள் பாதிவரை தெரிந்தன. அதற்குக் கீழே பழுப்புத் தண்ணீர். அசையவே இல்லை.

"கேக்குதா குரு?" என்றான் திரிலோகி. அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் குருதான்.

"என்னது?"

"ராம்சூரத் அண்ணன். படிக்கிறாரு."

கேட்டது. கீழேயிருந்து. ஒரு வரி... மூக்கு உறிஞ்சல்... அடுத்த வரி.

"ஊருக்குப் போறேன்னு சொல்லி ஊரையே கெளப்பி விட்டுட்டு, உள்ள உக்காந்து ரிவிஷன் ஓட்டுறாரு பாத்தியா!"

"துரோகி," என்றேன் நான்.

போட்டித் தேர்வு மனிதனின் மூளையை எப்படி ஆக்கிவைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அண்ணன் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு பேருக்கும் உடனே கோபம் வந்தது. அந்த அறை மத்தியானத்திலிருந்து கதவு நிலைக்கு மேலே மூழ்கிக் கிடக்கிறது என்பது, கோபம் தணிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இல்லை. தெளிவாக இருந்தது. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்கிற குரல்.

நடுவில் பக்கம் புரளும் சத்தம். காய்ந்த காகிதம்.

"காதர் என்பது பழைய வண்டல்," என்றது குரல். "பாங்கர் என்பது புதிய வண்டல்."

திரிலோகியின் தோள் துடித்தது. "மாத்திச் சொல்றாரு."

"விடு. அவர் மாத்திச் சொன்னா நமக்கு நல்லதுதானே."

"காதர் என்பது பழைய வண்டல்..."

"அண்ணே! காதர்தான் புதுசு! வெள்ளம் வருஷா வருஷம் கொண்டாந்து போடுறது!"

மூக்கு உறிஞ்சல்.

"சரி," என்றது குரல், பணிவாக. ராம்சூரத் அண்ணன் ஜென்மத்தில் பணிவாகப் பேசியதில்லை. "மைய இடக் கோட்பாடு. சந்தைக்கு கே மதிப்பு நாலு."

"மூணு!" திரிலோகி எழுந்து இரண்டு படி இறங்கினான்.

"டேய், எங்க போற?"

"அவருக்குக் காதுல சரியா விழல குரு."

"கே மதிப்பு நாலு..."

"மூணுண்ணே! நாலு போக்குவரத்துக்கு!" கணுக்கால் தண்ணீருக்குள் போனது.

"திரிலோகி, அந்த ரூம் முழுகிக் கெடக்குடா. உள்ள எவன்டா இருப்பான்?"

"இரு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்."

"ஆறு முதிர்ந்த நிலையில் வி வடிவப் பள்ளத்தாக்கை வெட்டும்."

"இளமை நிலையில!" முழங்கால்.

"மக்கள்தொகை மாற்றத்தின் இரண்டாம் கட்டம். முதலில் குறைவது பிறப்பு விகிதம்."

"இறப்பு! இறப்பு விகிதம்!" இடுப்பு.

பக்கம் புரண்டது.

நான் ஓடிப்போய் இழுத்திருக்கலாம் என்பீர்கள். எனக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர் அவன் நெஞ்சுக்கு ஏறியபோது, அவனை எது இழுக்கிறதோ அதையே நானும் செய்வது என்று முடிவு செய்தேன். வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே ஒரு தப்பு விடை சொன்னேன்.

"திரிலோகி! கங்கை அரபிக் கடல்ல போய்க் கலக்குது!"

அவன் நின்றான். திரும்பினான். தாடையில் தண்ணீர் தளும்பியது.

"என்ன சொன்ன?"

"அரபிக் கடல்!"

"வங்கக் கடல்டா மடையா!" ஒரு படி ஏறினான்.

"நர்மதா கிழக்க ஓடுது!"

"மேற்க!" இன்னொரு படி.

"தக்காண பீடபூமி பூரா சுண்ணாம்புக் கல்!"

"எரிமலைப் பாறை! பசால்ட்! ஒனக்கு எவன்டா பிரிலிம்ஸ்ல பாஸ் போட்டான்?" அவன் முழங்கால் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பூமி மேற்கேர்ந்து கிழக்க சுத்தல!"

"சுத்துது," என்றான் திரிலோகி.

"சுத்துது," என்றது ராம்சூரத் அண்ணன் குரல். அவன் முதுகுக்குப் பின்னால்.

படியில் ஈரக் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு ஜோடி.

இருட்டிவிட்டது. முன்னால் வந்த கையை எட்டிப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கைபேசியைத் தூக்கினேன். நான்கு சதவீதம் சார்ஜ். வெளிச்சத்தில் பார்த்தேன்.

திரிலோகிதான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். நான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

டொக்... டொக்.

"அகிலேந்து, கதவத் தொற."

என் பெயர். என் பெயரைச் சொன்னது ராம்சூரத் அண்ணன் குரல் இல்லை.

திரிலோகியின் குரல்.

"வெளையாடாத குரு. நான் நனைஞ்சு நடுங்குறேன். தொற."

பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். கைபேசி அணைந்தது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. காற்றைப் பார்த்துச் சொன்னேன்.

"காதர் பழைய வண்டல்."

"புதுசு! எத்தன தடவ சொல்றது?" என்றது கதவுக்கு வெளியே. எரிச்சலோடு. உடனே.

"அப்படியா?" என்றது என் பக்கத்தில்.

மெதுவாக.

தாழில் கை வைத்தேன். என் கை மேல் அவன் கை வைத்தான்.

"வேணாம் குரு."

அந்தக் கை...

காய்ந்திருந்தது.

தாடைவரை ஆற்றில் நின்றுவிட்டு வந்தவனின் கை. ஆகஸ்ட் மாத ஈரப்பதத்தில் கங்கைக் கரையில் ஒரு பனியன் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். அதற்கான காரணத்தை என்னால் பத்து மதிப்பெண்ணுக்கு எழுத முடியும். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

டொக்.

"அகிலேந்து..."

பிறகு காலடி இறங்கிப் போனது. ஒவ்வொன்றாக. கடைசியில் தண்ணீர் ஒருமுறை கலங்கியது.

காலையில் நிவாரணப் படகு வந்தது. எங்கள் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். கதவுக்கு வெளியே, மேல் படியில், வண்டல் இருந்தது. புதுசு.

ராம்சூரத் அண்ணன் அன்று மாலை பல்லியாவில்தான் இருந்தார். அக்கா பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். போட்டோ காட்டினார். வாயில் லட்டு. தண்ணீர் வடிந்த பிறகு அவர் அறையைக் கழுவினோம். சேறு, செத்த மீன், ஒரு செருப்பு. வேறொன்றும் இல்லை. யாரும் காணாமல் போகவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. போலீசிடம் போய் என்ன சொல்வது? என் நண்பன் என் தப்பைத் திருத்தவில்லை என்றா?

திரிலோகி மெயின்ஸ் எழுதினான். தேறினான். நல்ல ரேங்க். இப்போது ஒரு மாவட்டத்தில் அதிகாரி. மேலதிகாரி எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்கிறானாம். மந்திரி எதைச் சொன்னாலும் அதே. மிக நல்ல அதிகாரி, வெகுதூரம் போவான் என்கிறார்கள். அன்று மாலைக்குப் பிறகு அவன் யாரையும் திருத்தி நான் கேட்டதில்லை. நான் தேறவில்லை. ஊரின் மேட்டுப் பக்கம், பாங்கர் மண்ணில், அறை மாற்றிக்கொண்டு மறுபடி படித்தேன்.

போன ஆகஸ்டில் ராம்சூரத் அண்ணன் போன் செய்தார். அவர் இன்னும் அதே லாட்ஜ், அதே அறை. சிலருக்கு வெள்ளமும் பாடம் நடத்த முடியாது.

"குரு, தண்ணி வந்துடுச்சு. நான் மேல ஏறி உக்காந்திருக்கேன். கீழ என் ரூம்ல யாரோ படிக்கிறாங்க."

"தப்புத் தப்பாவா?"

"இல்லடா. எல்லாம் சரி. ஒரு தப்பு கெடையாது." மூக்கை உறிஞ்சினார். "திரிலோகி குரல் மாதிரியே இருக்கு. இப்பதான் அவனுக்குப் போன் போட்டேன். ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கானாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நடுநடுவுல நிறுத்தி உன் பேரச் சொல்லிக் கூப்புடுறான். ஒண்ணே ஒண்ணு கேக்குறான். எனக்குப் புரியல."

"என்னண்ணே கேக்குறான்?"

"'அகிலேந்து, தப்பா ஒண்ணு சொல்லேன்... நான் மேல வந்துடறேன்'ங்கறான்."