அதிகாரி கை காட்டிய இடம்

எங்கள் ஊர் மலைமேல் இருந்தது. எனக்கு ஆறு வயதில், ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் பாதி ஊரைக் கொண்டுபோய்விட்டது. பிணம் தூக்க ஆள் இல்லாமல் போனதும், மிச்சமிருந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினோம். அப்பாவின் அக்காவை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அத்தைக்கும் காய்ச்சல்தான். அவள் கண் விழித்தது அவனியாபுரத்தில், ஒரு மாட்டுக் கொட்டகையில். புருஷனும் இரண்டு பெண்களும் போய்விட்டார்கள் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

அப்பா வண்டி ஓட்டினார். அத்தை களையெடுக்கப் போனாள். நான் வளர்ந்து பஞ்சாலையில் சேர்ந்தேன்.

யுத்தகாலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது சர்க்காருக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்ப் பயிர் வைப்பவர்களுக்குப் பட்டா, விதை, காய்ச்சலுக்கு மாத்திரை எல்லாம் உண்டு என்றார் ஓர் அதிகாரி. நல்ல மனிதர். எங்களைக் கூட்டிக்கொண்டு அவரே மலையேறினார்.

ஊரை உண்ணிச்செடி மூடியிருந்தது. எங்கள் வீட்டில் சுவர்கள் விழுந்து நிலையும் கதவும் மட்டும் நின்றன. அப்பா பக்கவாட்டில் போகாமல், கதவைத் திறந்துகொண்டுதான் உள்ளே போனார்.

மேட்டில் நின்று அதிகாரி கையை நீட்டினார்.

"பள்ளிக்கூடம் அங்க வரும்."

"அங்க எங்க சித்தப்பா இருக்காருங்கய்யா" என்றார் ஒருவர்.

அதிகாரி கையைக் கொஞ்சம் நகர்த்தினார். அங்கே இன்னொருவரின் தாயார் இருந்தாள். பிறகு ஓடைப் பக்கம் காட்டினார்.

"அது வேணாங்கய்யா" என்றார் அப்பா. "அங்கதான் எங்க மச்சான் புள்ளைகளோட கெடக்காரு."

அதிகாரி கையை மடக்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்.

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயா?"

"ஆமக்கா. அந்தப் பலா மரத்தடியில."

"இதச் சொல்ல இம்புட்டு வருசமாடா?"

"நீ கேக்கலையேக்கா."

அத்தை செடிகளை விலக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரியும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் சாய்ந்த பிறகு அத்தை தானே எழுந்து வந்தாள்.

பட்டா வாங்க யாரும் முன்வரவில்லை. அதிகாரி மேலிடத்தில் என்ன சொன்னாரோ, அடுத்த வருஷம் மலையடிவாரத்தில் எங்களுக்குக் குடியிருப்பு மனை கொடுத்தார்கள். முதலில் குடிசை போட்டவள் அத்தைதான். போட்ட மறுநாளே என்னிடம் வந்தாள்.

"மில்லுல லீவு கேளு. மேல செடி வெட்டணும்."

இரண்டு அரிவாள் எடுத்துக்கொண்டு போனோம். மத்தியானத்துக்குள் பலாவைச் சுற்றிச் சுத்தமாகிவிட்டது. அத்தை பெண்கள் இருவரின் பெயரையும் சொல்லி, அவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். இறங்கும் வரை நிறுத்தவில்லை.