நாற்பத்தொரு சிவப்புப் பெயர்கள்

என் தங்கை தடைகளைத் தாண்டி வென்றவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஒன்று, பத்தாம் வகுப்புத் தேர்வு. உடம்பெல்லாம் அம்மை, தனி அறையில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு, தட்டச்சுச் சான்றிதழ், மூன்றாவது முறையில். மூன்று, மாடி வீட்டு நாயின் நட்பு. அது வீட்டுக்காரரையே கடித்த நாய். நான்கு, எங்கள் சபை அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை. பதினொரு பேர் போட்டி, அதில் இருவர் பட்டதாரிகள். “கேள்வி ஏதாவது இருக்காம்மா?” என்று போதகர் கேட்டிருக்கிறார். இவள் பதினான்கு கேட்டாளாம். வீட்டில் அவளுக்குத் துருவி என்றுதான் பெயர். ஐந்தாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு எண். அந்த எண் அச்சிட்ட கவரில் காணிக்கையை வைத்து, ஆராதனையில் வரிசை வரிசையாக நீட்டும் பையில் போடுவோம். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் கவரைப் பிரித்து, எண்ணையும் தொகையையும் ஒரு சீட்டில் குறிப்பார்கள். திங்கட்கிழமை அந்தச் சீட்டைப் பார்த்துத் துருவி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். புதிதாக வாங்கிய மென்பொருள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். யார் வாராவாரம் தருகிறார்கள், யார் மாதம் ஒருமுறை, யார் நின்றுவிட்டார்கள் என்று படம் போட்டுக் காட்டும். மூன்று மாதம் தராதவர் பெயர் சிவப்பாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு பெயர்கள் சிவந்தன.

பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிவப்பைப் பார்த்ததும் அவருக்குப் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. ‘தங்கள் விசுவாசம் தளர்ந்தது ஏன்?’ என்று ஒரு கடிதம் எழுதி, நாற்பத்தொரு பிரதி எடுக்கச் சொன்னார்.

“திங்கட்கிழமை தபால்ல போகணும். கையெழுத்து நீ போட்டுடு.”

“நானாங்க ஐயா? இதுவரைக்கும் ஒரு ரசீதுல கூடப் போட விட்டதில்லையே?”

“திட்டு வாங்குற கடுதாசிக்கு நான் எதுக்கு?”

“ஒருத்தர் ரெண்டு பேர்னா சரிங்க. நாப்பத்தோரு பேருக்கும் ஒரே வாரத்துலயா பக்தி குறையும்?”

“மாசக் கடைசியோட உன் ஆறு மாசம் முடியுது. ஞாபகம் வச்சுக்க.”

பொருளாளரின் கவலைக்கு நடுவே ஒரு சந்தோஷமும் இருந்தது. குடும்ப எண் இல்லாமல் வரும் பணத்தையெல்லாம் மென்பொருள் ‘பெயரில்லாதவர்’ என்ற ஒரே ஆளாகக் கணக்கு வைத்திருந்தது. அந்த ஆளின் கோடு மூன்று மாதமாக ஏணி வைத்த மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அது நகைக்கடைக்காரர்தான் என்று பொருளாளர் முடிவு கட்டி, அவருக்கு முதல் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார். நகைக்கடைக்காரரும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் துருவி என் தையல் அறைக்கு வந்தாள். துணி வெட்டும் மேசையில் பட்டியலை விரித்து, முப்பத்து மூன்றாவது பெயரில் விரலை வைத்தாள். என் பெயர்.

“அக்கா, உண்மையச் சொல்லு. நிறுத்திட்டியா?”

“ஏண்டி, காய்ச்சல்ல கிடந்தப்பவும் உன் கையில கவரக் குடுத்து விட்டவ நான். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் கேக்குறேன். உன் பேரு பொய்னா மிச்ச நாப்பதும்?”

என் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். மேசையைக் கோவிலாக்கி, பெயர் பெயராகப் படித்து, அவரவர் உட்காரும் இடத்தில் ஒரு பொத்தான் வைத்தாள். மருந்துக்கடை அம்மா, பல் டாக்டர், இரட்டைக் குழந்தைக்காரி, நான். நாற்பத்தொரு பொத்தான்களும் இடப்பக்கமே விழுந்தன. வலப்பக்கம் சாக்கட்டித் தூள் மட்டும்.

“இடப்பக்கம் பை பிடிக்கிறது யாரு?” என்றாள்.

“கோட்டு மாமா.”

பொருளாளரின் மச்சான். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். ஒரு ரூபாய் கூடத் தொடாத மனிதர் என்று ஊரே சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு இருவரும் பக்கத்து அறைக்குப் போனோம். போதகரும் பொருளாளரும் வலப்பக்கப் பையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூலையில், முதுகைக் காட்டியபடி, கோட்டு மாமா கவர்களைச் சரசரவென்று கிழித்துப் பணத்தை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். கிழித்த கவர்கள் குப்பைக்கூடையில்.

“என்ன மாமா பண்றீங்க?”

“ஒவ்வொரு கவரா நம்பர் எழுதினா மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகுதேம்மா. அதான் பிரிச்சு ஒண்ணா வச்சுடறேன். எண்ணுறவங்களுக்கு எவ்வளவு சுலபம்!”

“எத்தன நாளா?”

“நான் பை பிடிச்ச நாள்லேருந்து. மூணு மாசம் ஒரு வாரம். ஒரு நாயும் நன்றி சொல்லல.”

துருவி குப்பைக்கூடையை மேசைமேல் கவிழ்த்தாள். நாற்பத்தொரு கவர்கள். முப்பத்து மூன்றாவது பெயருக்குரிய கவரை நானே பொறுக்கி எடுத்தேன்.

“ஐயா, நின்னுபோன நாப்பத்தோரு பேரும் இங்க இருக்காங்க. உங்க பெயரில்லாதவரும் இவங்கதான்.”

பொருளாளர் வாளியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். “அப்போ அந்த மெத்த?” என்றார்.

“அது உங்க பாடு,” என்றார் போதகர். சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. “முதல்ல கடுதாசி விஷயத்தப் பாருங்க.”

பழைய கடிதத்தின் நாற்பத்தொரு பிரதிகளும் கூடைக்குள் போயின. துருவி புதிதாக எழுதினாள்: ‘உங்கள் காணிக்கை ஒரு வாரமும் தவறாமல் வந்து சேர்ந்தது. தவறியது எங்கள் கவனம்.’ பொருளாளர் இரண்டு முறை படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலும் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

“வேண்டாம். அவளே போடட்டும்,” என்றார் போதகர். “கீழ ‘அலுவலகச் செயலாளர்’னு அடிச்சுக்கம்மா. தற்காலிகம்னு எதுவும் வேண்டாம்.”

நாற்பத்தொன்றில் ஒன்று எனக்கும் தபாலில் வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவுக்கு எதற்கு ஸ்டாம்ப் என்று கேட்டால், பட்டியல் என்றால் பட்டியல்தான் என்கிறாள். கையெழுத்து சற்றே மேல்நோக்கி ஏறுகிறது. அதன் கீழே அவளே எழுதிய தேதி: 12 ஆகஸ்ட் 2019, திங்கட்கிழமை.