கொக்கியெல்லாம் நிரம்பட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவின் உத்திரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஆயா பழைய சேலையில் தொட்டில் கட்டி அந்தக் கொக்கிகளில் மாட்டுவார். நானும் அதில் ஒன்றில் தூங்கியவள்தான். ஆனால் என் நினைவு தொடங்கும் வயதில் பாதிக் கொக்கிகளில்தான் தொட்டில் ஆடியது. சன்னல் பக்கத்துக் கொக்கிகள் வெறுமனே தொங்கின. மழைக்காலத்து ஈரத்தில் அவை துருப்பிடித்து, கீழே சிமெந்துத் தரையில் செம்பொட்டுகளாகச் சொட்டியிருக்கும். ஆயாவாக இருந்த என் அத்தை தினமும் அதைத் தேய்த்துக் கழுவுவார். மறுநாள் காலையில் அந்தப் பொட்டுகள் மறுபடி அங்கே இருக்கும்.

அந்த வெறும் கொக்கிகள் மேல்பிரிவுக் குழந்தைகளுக்கு உரியவை. தோட்டம் ஒன்றுதான் என்றாலும் நடுவில் ஓடும் ஓடை அதை மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பிரித்தது. கீழ்ப்பிரிவில் ஒரு தொழிற்சங்கம், அதற்கு என் அப்பா தலைவர். மேல்பிரிவில் இன்னொன்று, அதற்கு இன்னொரு தலைவர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் காலையிலேயே இருவரும் தொடங்கிவிடுவார்கள். அப்பாவின் குரல் மலையில் பட்டுத் திரும்பி வரும். அடுத்தது மற்றத் தலைவருடைய குரல் போய்த் திரும்பும். ஒருநாள் வாய்ச்சண்டை கைகலப்பாகி ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதன் பிறகு மேல்பிரிவுத் தாய்மார் கீழ்ப்பிரிவில் இருந்த பிள்ளைக்காம்பராவுக்குக் குழந்தைகளைக் கொண்டுவரவில்லை. அதையும் மீறி வந்த சிலரையும் எங்கள் ஆட்கள் வாசலில் நின்று கேலி பேசித் திருப்பியனுப்பினார்கள். மேல்பிரிவில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், சிறுமியான தன் அக்காவின் பொறுப்பில் விடப்பட்ட ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போய் அடுப்பில் கையை வைத்துவிட்டது. செய்தி கேட்டதும் அத்தை எவரிடமும் சொல்லாமல் ஓடையைத் தாண்டி மேல்பிரிவுக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

கல்யாண யோசனை யாருடைய மூளையில் உதித்தது என்று எனக்குத் தெரியாது. அத்தையை மேல்பிரிவுத் தலைவரின் மகனுக்குக் கொடுப்பது, சம்பந்தி ஆகிவிட்டால் பெரட்டுக்களத்தில் ஒருவரையொருவர் ஏச முடியாது, சண்டை தானாக அடங்கிவிடும் என்பது ஏற்பாடு. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அத்தையிடம் சொல்வதுதான் மிச்சம். அவர் வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல், எதிரெதிராக நின்ற அந்த இரண்டு தலைவர்களும் ஒன்றாகப் பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டார்கள். பள்ளி விட்டு வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மலையையே அதிரவைக்கும் இரண்டு பேர் தொட்டில்களுக்கு நடுவே குனிந்து குனிந்து வந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அப்பா வாயைத் திறந்ததும் அத்தை விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா பேசுங்கண்ணே. இப்பத்தான் தூங்க வச்சேன். ஒண்ணு முழிச்சா எல்லாம் முழிச்சிக்கும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும்தான் ஆட்டணும்."

ஆகவே எங்கள் தோட்டத்தின் சமாதானப் பேச்சு முழுவதும் கிசுகிசுப்பாகவே நடந்தது. அப்பா விஷயத்தைச் சொன்னார். மேல்பிரிவுத் தலைவர் தலையாட்டினார். அத்தை ஒரு தொட்டிலை ஆட்டியபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"என்னைய அங்க அனுப்புனா சண்டை நின்னுரும்ங்கிறீங்க. நின்னுரும்னா இப்பவே நிக்கலாமே. நான் எதுக்கு?"

அத்தை சன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"நாளைக்கு மேப்பிரிவு புள்ளைங்க இங்க வரட்டும். அந்தா பாருங்க, அந்தக் கொக்கியெல்லாம் நிரம்பட்டும். அப்புறம் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்."

"பையன் யாருன்னு கூடக் கேக்கலையேம்மா," என்றார் மேல்பிரிவுத் தலைவர்.

"தெரியுங்க. பெரட்டுல நீங்க கத்துறப்ப பின்னால நின்னு வாயப் பொத்திச் சிரிப்பாரே, அவருதானே? அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு குழந்தை முழித்துக்கொண்டது. அத்தை சொன்னபடியே அவரே அதை ஆட்டித் தூங்கவைத்தார்.

குழந்தைகள் மறுநாளே வந்துவிடவில்லை. தலைவர்களுக்கு மனம் வந்தாலும் வாசலில் நின்று கேலி பேசியவர்களுக்கு அது வரச் சில நாட்கள் பிடித்தன. அப்பாவே காலையில் போய் அந்த வாசலில் நிற்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு தொட்டில் சன்னல் பக்கம் ஏறியது, பிறகு இரண்டு. கை வெந்த குழந்தையும் துணி சுற்றிய கையோடு வந்தது. எல்லாக் கொக்கிகளும் நிரம்பிய பிறகுதான் அத்தை மாமாவைப் பார்க்கச் சம்மதித்தார், பார்த்த பிறகே கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். மாமா கடைசிவரை வாயைப் பொத்தித்தான் சிரித்தார்.

தோட்டத்தில் கதை மாறிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சண்டை நின்றது என்று எல்லோரும் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு. சண்டை நின்ற பிறகுதான் கல்யாணம் நடந்தது. அத்தை அதைத் திருத்தப் போகமாட்டார். "சொல்லிட்டுப் போகட்டும், சண்டையப் பூட்டி வைக்க நான் என்ன பூட்டா, சாவியா," என்று சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

நான் லிந்துலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பிக்கிறேன். அரச குடும்பத் திருமணங்கள் வராத பாடம் குறைவு. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து பெண் எடுத்தார்கள். அரசன் வாரிசில்லாமல் இறந்தபோது ராணியின் தம்பி அரியணை ஏறினான். அந்த வழியில் வந்த கடைசி அரசனை நாடு கடத்திய பிறகுதான் வெள்ளைக்காரன் இந்த மலைகளை எடுத்துக்கொண்டான். போர்த்துக்கல் இளவரசி ஒருத்தி பம்பாயைச் சீதனமாகக் கொடுத்து இங்கிலாந்து அரசனுக்குக் கட்டிவைக்கப்பட்டாள். அந்த அரண்மனையில் தேநீர் குடிப்பது நாகரிகமானது அவளால்தான் என்பார்கள். அந்தப் பழக்கம் பெருகிப் பெருகித்தான் ஒருநாள் இந்தக் காடுகள் தேயிலையாயின, எங்கள் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சன்னல் வழியே வெளியே பார்ப்பார்கள். எதிர்மலை முழுக்கத் தேயிலை. ஒரு கல்யாணத்தின் கடைசி நுனியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் சொல்வதுண்டு.

பழைய பகையைத் தீர்க்கப் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட ஆஸ்திரிய இளவரசியைப் பற்றியும் சொல்வேன். எல்லையில் பிறந்த நாட்டு உடையைக்கூடக் களைந்துவிட்டுத்தான் அவள் உள்ளே போக வேண்டியிருந்ததாம். அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது "நான் எதுக்கு?" என்று கேட்க இடம் கொடுத்தார்களா என்று பாடநூலில் இருக்காது. ஒப்பந்தத்தை ஆண்கள் எழுதினார்கள், அதைக் காப்பாற்றும் வேலை பெண்ணின் தலையில் விழுந்தது. அது முறிந்தபோது தண்டனையும் அவளுக்கே வந்தது. என் அத்தை அந்த வரிசையில் நிற்க மறுத்தவர். இதை இத்தனை தெளிவாக நான் புரிந்துகொண்டது பாடம் நடத்தியதால் அல்ல, கடந்த சில மாதங்களில் எங்களுக்கு நடந்ததால்.

சென்ற மழையில் லயத்துக்கு மேலிருந்த மண் சரிந்தது. பகல் வேளை என்பதால் எல்லோரும் ஓடித் தப்பினார்கள். கடைசிக் காம்பராக்கள் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண் மட்டும் இருக்கிறது. என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். இன்றும் கூரையில் மழை விழுந்தால் என் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது, நுவரெலியா ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் மகளை அழைக்க. வீடிழந்த குடும்பங்களைப் பூட்டிக்கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில் தங்கவைத்தார்கள். அத்தை இறந்து சில வருடங்களான பிறகு அந்தக் கொக்கிகளில் மறுபடி தொட்டில் ஏறியது.

அந்தக் குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் காணி தருவதாகப் பேச்சு. அது பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் கையில் இருப்பதாக அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். தேர்தல் வருகிறது. அப்பாவின் பெயருக்கு இந்தத் தோட்டத்தில் இன்னும் மதிப்பு உண்டு. தன் மகனுக்கு என் மகளைக் கேட்டு உறுப்பினர் ஆள் அனுப்பினார். மகளிடம் சொன்னேன். தொலைபேசியில் அவள் கேட்டாள்: "அம்மா, அவங்களுக்கு நான் வேணுமா, நம்ம லயத்து ஓட்டு வேணுமா? அந்தப் பையன நான் பாத்ததுகூட இல்ல. எனக்கு வேணாம்." அவள் பேச்சு அத்துடன் முடிந்தது. எனக்குத்தான் தூக்கம் போனது. என் மகளின் ஒரு சொல்லுக்காகக் கைக்குழந்தைகள் சிமெந்துத் தரையில் கிடக்க வேண்டுமா என்ற எண்ணம் சமைக்கும்போதும் விடவில்லை.

ஒரு மாலை உறுப்பினர் அரிசி மூட்டைகளோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"டீச்சர், நம்ம ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிட்டா இந்தச் சனங்களோட காணி விஷயம் தானா நடந்துரும்."

"சத்தமா பேசாதீங்கய்யா, புள்ள தூங்குது," என்றாள் மூலையில் தொட்டிலாட்டிய இளம் தாய். உறுப்பினர் குரலைத் தாழ்த்தினார். நான் நிமிர்ந்து மேலே பார்த்தேன். உத்திரம் அதே உத்திரம்.

"நடந்துரும்னா இப்பவே நடக்கலாமேங்க," என்றேன். "என் மக எதுக்கு? மொதல்ல இவங்களுக்குக் காணி வரட்டும். கல்யாணம் வேற விஷயம், அத என் மகதான் சொல்லணும். அவ வேணாம்னு சொல்லிட்டா."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பெண்கள் சிரிக்கவில்லை. "டீச்சருக்கு வீடு இருக்கு, சொல்லிட்டாங்க," என்றாள் ஒருத்தி, என் காதில் விழும்படியே. அடுத்த நாட்களில் மழை விடவில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது தலைகுனிந்து நடந்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெற எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

நான் எதிர்பாராததை அந்தப் பெண்களே செய்தார்கள். தொட்டிலாட்டிய அந்த இளம் தாய்தான் முதலில் சொன்னாளாம்: "தானா நடந்துரும்னு அவரு வாயாலதானே சொன்னாரு. அப்ப அவரு கையிலதானே இருக்கு. போய்க் கேப்போம்." குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் தலவாக்கலையில் அவருடைய அலுவலகத்துக்குப் போனார்கள். ஒருநாள் அல்ல, அவர் இருக்கும் நாளெல்லாம் போனார்கள். நானும் பள்ளி விட்டதும் சேர்ந்துகொண்டேன். தன்னால் முடியும் என்று ஊரறியச் சொன்னவரால், தேர்தல் நேரத்தில், தன்னால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

போன வாரம் நில அளவையாளர்கள் வந்து மேட்டில் முளையடித்துவிட்டுப் போனார்கள். சம்பந்தப் பேச்சு அதன் பிறகு வரவில்லை. மகளிடம் சொன்னபோது, "அட, காணி கெடைச்சதும் என்னைய யாருக்கும் வேணாமா," என்று சிரித்தாள். சிரிப்பில் அப்படியே அத்தை.

வீடுகள் எழும்ப இன்னும் காலமாகும். முளையடித்த நிலம் வீடாகும்வரை அலுவலகத்துக்குப் போவதை நாங்கள் விடுவதாக இல்லை. நேற்று மாலை பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். என்னைப் பற்றிக் காதுபட முணுமுணுத்தவள் தேநீர் கொடுத்தாள், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. சன்னல் பக்கம் ஒரு தொட்டில் காலியாக இருந்தது, குழந்தை தாயின் மடியில். சேலையை விலக்கிக் கொக்கியின் உள்வளைவைத் தொட்டுப் பார்த்தேன். துணி உரசி உரசித் துரு போய் வழவழவென்று இருந்தது. குனிந்து தரையைப் பார்த்தேன். பொட்டுகள் இல்லை.