தண்ணீர் குடிக்காத தொழிற்கூடம்

"மக்களுடன் இனிமையாகவும் பொறுமையாகவும் உரையாடும் ஆற்றல் மிக்கவர்" என்று தன் நோய்க் கணக்கு அதிகாரி ஒருவரைப் பற்றிச் சொல்கிறது சுகாதாரத் துறையின் ஆண்டறிக்கை. எழுதியவர் இவரிடம் பேசிப் பார்த்ததில்லை போலும். அழைப்பு மணி அடித்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் இவர். எந்தத் தொழில் செய்பவருக்கு, எந்தத் தெருவில் இருப்பவருக்கு என்ன நோய் வருகிறது என்று பார்ப்பதுதான் இவர் வேலை. மனிதர்கள் ஆயிரக்கணக்கில் வந்தால் பிடிக்கும்; ஒருவராக வந்தால் தலைவலி. அலுவலகத்தில் 'சராசரியம்மா' என்று பெயர்.

சீருடை தைக்கும் தொழிற்கூடம் ஒன்றில் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று மிக அதிகம் என்று கண்டுபிடித்தவர் இவரே. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சுவரொட்டி எழுதி அங்கே ஒட்டவைத்தவரும் இவரே. தொற்று குறையவில்லை. அங்கே தைக்கும் இவருடைய அண்ணிக்கே மறுபடி காய்ச்சல். இனி ஒரு நாள் லீவு போட்டாலும் வேலை போய்விடும்.

"போஸ்டரைப் படிக்கிறீங்களா இல்லையா அண்ணி?"

"படிக்காம என்ன? எழுத்து முத்து முத்தா இருக்கு. எழுதின மகராசி ஒரு நாள் வந்து உட்கார்ந்து குடிச்சுக் காட்டட்டும்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே தண்ணீர் பாட்டிலோடு போய், அண்ணி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தான் எழுதியபடியே குடித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நெளிய ஆரம்பித்துவிட்டார்.

கழிவறைக்கு ஒரே சாவி, மேற்பார்வையாளர் மேஜையில். தொலையக் கூடாதென்று அதைப் பழைய தையல் மெஷின் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். சக்கரத்தைச் சுமந்துகொண்டு, தைப்பவர்கள் அத்தனை பேர் நடுவிலும் நடக்க வேண்டும்.

"மறுபடியுமா? வீட்லயே முடிச்சுட்டு வர்றதுக்கென்ன?" என்றார் மேற்பார்வையாளர், யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"உருட்டிட்டுப் போகாதே, தூக்கிக்கோ. ரோடு ரோலர் வருதுன்னு நாங்க ஒதுங்கணும்" என்றார் அண்ணி. வரிசையே சிரித்தது.

'ஆரோக்கியமான பணியிடம்' என்ற சான்றிதழுக்கு முதலாளி காத்திருந்தார். அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் சராசரியம்மா.

"போஸ்டர்கூட ஒட்டியிருக்கோமே மேடம்! சாவி யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்லையே?"

சராசரியம்மா சக்கரத்தை அவர் கையில் கொடுத்தார். "இதைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை போயிட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

முதலாளி தைப்பவர்களைத் தாண்டி, கழிவறை வாசல்வரை பார்த்தார். பிறகு தச்சரைக் கூப்பிடச் சொன்னார்.

அண்ணி இன்றும் அங்கேதான் தைக்கிறார். ஆண்டறிக்கையை யாரும் திருத்தவில்லை. சராசரியம்மா செய்தது இதுதான்: தான் எழுதிய சுவரொட்டியைத் தானே கிழித்தார், கழிவறைக் கதவின் பூட்டை எடுக்கவைத்து, உள்தாழ்ப்பாள் போடவைத்தார்.